ஒலிச்சாதனம் மட்டும் விற்கிற இணையக் கடை: காசு கட்ட முதல் எதைப் பார்க்க வேணும்?

பாலையூற்று_நேயர்

எல்லாருக்கும் வணக்கம். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோன் ஒன்றும், அதை இயக்க மேசையில் வைக்கிற டாக்-அம்ப் (கணினியின் எண் வடிவ ஒலியை மின்னலையாக மாற்றிப் பெருக்கும் பெட்டி) ஒன்றும் வாங்க இருக்கிறேன். கோயில் திருவிழாவில் பதிவான நாதஸ்வரம், தவில் ஒலியைக் கணினியில் திருத்துகிற வேலைக்கு. திருமலை டவுனில் விசாரித்த கடைகளில் இந்த வகை இல்லை. கொழும்பு முகவரிடம் இருக்கிறது. டொலரில் கணக்குப் பார்த்தால் ஹெட்ஃபோன் மட்டும் 420 வருகிறது. ஒலிச்சாதனம் மட்டும் விற்கிற வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் அதே ஹெட்ஃபோன் 300 டொலர், அனுப்புச் செலவு 40.

கடையின் பெயரை வேணுமென்றே போடவில்லை. ஒரு கடையைப் பற்றி நல்லது கெட்டது கேட்பதை விட, எந்தக் கடையையும் எடைபோடுகிற வழி தெரிந்தால் இங்கே எல்லாருக்கும் உதவும்.

பக்கத்தின் அடியில் ‘அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்’ என்று முத்திரை போட்டிருக்கிறார்கள். அதை எவ்வளவு நம்பலாம்? 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்கிறார்கள். திருகோணமலையில் இருந்து அது நடக்கிற காரியமா? சுங்கத்தில் என்ன கட்ட வரும்? வந்து சேர்ந்த பொருள் அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறதா?

உவர்மலை_ஓம்

முத்திரை வெறும் படம். யாரும் ஒட்டலாம். நீங்க கடையில் இருந்து தயாரிப்பாளரிடம் போகாதீங்க, தயாரிப்பாளரிடம் இருந்து கடைக்கு வாங்க. தயாரிப்பாளரின் தளத்தில் ‘எங்கே வாங்கலாம்’ என்ற பக்கம் இருக்கும். அதில் அந்தக் கடையின் பெயரும் இணைய முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேணும். முகவரியில் ஒரு கோடு கூடுதலாக இருந்தாலும் அது வேறு கடை. பட்டியலில் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, ‘இந்தக் கடையில் வாங்கினால் உங்கள் வொரண்டி இலங்கையில் செல்லுமா’ என்று கேளுங்க. இரண்டு கேள்வி அதில் இருக்கிறது: கடை அங்கீகாரம் பெற்றதா, வொரண்டி நாட்டு எல்லை கடக்குமா. முதலாவதுக்கு ஆம் என்றாலும் இரண்டாவதுக்கு இல்லை என்று பதில் வரலாம்.

அடுத்தது, பொருளின் பக்கத்தை வாசியுங்க. துறை தெரிந்த கடையா என்பது அங்கேயே தெரியும். மின்தடை எத்தனை ஓம், உணர்திறன் எத்தனை டெசிபெல், அந்த டெசிபெல் ஒரு மில்லிவாட்டுக்கா ஒரு வோல்ட்டுக்கா, பிளக் 3.5 மில்லிமீற்றரா 6.3-ஆ, கேபிள் கழற்றக் கூடியதா, பெட்டிக்குள் என்னென்ன இருக்கும். அலகு இல்லாமல் ‘உணர்திறன் 115 டெசிபெல்’ என்று மட்டும் எழுதுகிற கடைக்கு அது என்ன எண் என்று தெரியாது. 32 ஓம் ஹெட்ஃபோன் ஒன்றில் வோல்ட்டுக்கு 115 என்பதும் மில்லிவாட்டுக்கு 100 என்பதும் ஒரே பொருள்தான். அலகை விட்டுவிட்டால் 15 டெசிபெல் அதிகம் போலத் தோன்றும்.

காசு கட்ட முதல் அவர்களிடம் ஒரு நுட்பக் கேள்வி கேளுங்க. ‘இந்த அம்பின் வெளியீட்டு மின்தடை எவ்வளவு? 16 ஓம் ஐஇஎம்-க்கும் (காதுத் துளைக்குள் வைக்கிற இயர்ஃபோன்) இதே அம்பைப் பாவிக்கலாமா?’ நல்ல கடை எண்ணைச் சொல்லி, ‘ஹெட்ஃபோன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நல்லது, ஆகவே 16 ஓமுக்கு 2 ஓமுக்கு மேல் வேண்டாம்’ என்ற அளவில் பதில் தரும். ‘ஐயா, இது மிகச் சிறந்த அம்ப், ஒலி அருமை’ என்று மட்டும் வந்தால், பொருளைத் தொட்டுப் பார்க்காமல் வேறு ஒருவரின் கிடங்கில் இருந்து அனுப்புகிற இடைத்தரகர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கையிருப்பு உண்மையா என்று அறிய இன்னொரு வழி. ஓடர் போட முதல், அன்றைய திகதி எழுதிய துண்டோடு பெட்டியின் தொடர் இலக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்க. கிடங்கில் பொருள் இருந்தால் அது ஐந்து நிமிட வேலை. இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்தை மறைத்து அனுப்பினாலும் பரவாயில்லை, அது நல்ல பழக்கம்கூட.

இணைய முகவரி எப்போது பதிவானது என்று ஹூஇஸ் தேடலில் பாருங்க. ‘25 ஆண்டு அனுபவம்’ என்று சொல்கிற கடையின் முகவரி நாலு மாதத்துக்கு முன் பதிவாகி இருந்தால் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை. பிரித்தானியக் கடை என்றால் அந்த நாட்டுக் கொம்பனிப் பதிவேட்டை இலவசமாகவே தேடலாம். இலங்கைக் கடை என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கொம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும் பதிவிலக்கத்தைக் கேளுங்க.

விமர்சனங்களில் 5 நட்சத்திரத்தை விட்டுவிட்டு 2, 3 நட்சத்திரத்தை வாசியுங்க. புகாருக்குக் கடை என்ன பதில் எழுதியிருக்கிறது, எத்தனை நாளில் எழுதியிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய இடம்.

கிண்ணியாக்கரை

தம்பி, 300-க்கும் 420-க்கும் இடையில 120 டொலர் லாபம் எண்டு நினைச்சா அது தப்புக் கணக்கு. வரி விழுறது பொருளின்ட விலைக்கு மட்டும் இல்ல. அனுப்புச் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. 300 சக 40, 340. வற் வரி 2024 ஜனவரியில இருந்து 18%. அதை மட்டும் 340-க்குப் போட்டாலே 61 டொலர். 401 ஆயிட்டு. சுங்கத் தீர்வை, மற்ற அறவீடுகள் எல்லாம் அதுக்கு மேல. வற் கணக்குப் பார்க்கிறதே அந்தத் தீர்வைகளையும் சேர்த்த பிறகுதான், அதனால அந்த 61-உம் கூடும். கூரியர்க்காரன் சுங்கத்தில எடுத்துத் தாறதுக்கு எடுக்கிற கட்டணம் வேற. வங்கி நாணய மாற்றுக்கு எடுக்கிறதும், கார்ட்டுக்கு வாற முத்திரைத் தீர்வையும் வேற. எல்லாம் கூட்டிப் பார்த்தா 420-ஐத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்ல.

சுங்கத் திணைக்களத்தின்ட தளத்தில தீர்வைப் பட்டியல் இருக்கு. தலைப்பு 8518. மைக் 8518.10, ஹெட்ஃபோன் 8518.30, அம்ப்ளிஃபயர் 8518.40. அந்த வரியில இண்டைக்கு என்ன வீதம் போட்டிருக்கு எண்டு நீங்களே பார்த்துக் கணக்குப் போடுங்க. பழைய பதிவுகளில ஆக்கள் எழுதின வீதத்தை நம்ப வேண்டாம், அடிக்கடி மாறும். ப்ளூடூத், வைஃபை உள்ள சாதனம் எண்டா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ட அனுமதி கேட்டு மறிக்கலாம். நீங்க சொல்ற ஹெட்ஃபோன் வயர் வகை, அந்தத் தொல்லை இல்ல. டாக்-அம்பில ப்ளூடூத் இருக்கா எண்டு பாருங்க. தேவை இல்லாட்டி அது இல்லாத மாதிரியை எடுங்க.

அனுப்புச் செலவைக் கடை எப்படிக் கணக்குப் பார்க்குது எண்டும் கேளுங்க. கூரியருக்கு நிறை மட்டும் இல்ல, பெட்டியின்ட கன அளவும் நிறைதான். நீளம், அகலம், உயரம் சென்றிமீற்றரில பெருக்கி 5000-ஆல பிரிக்கிறது. 30, 26, 12 எண்ட ஹெட்ஃபோன் பெட்டி 1.87 கிலோ, 2 கிலோவா எடுப்பாங்க. புத்தக அலுமாரியில வைக்கிற ஸ்பீக்கர் சோடி ஒண்டு 50, 40, 35 பெட்டியில வந்தா 14 கிலோ. உள்ளுக்க 9 கிலோதான் இருந்தாலும் 14-க்குத்தான் காசு. ஸ்பீக்கரை வெளிநாட்டில இருந்து எடுக்க வேணாம் எண்டு சொல்றது அதுக்குத்தான். ஐஇஎம், ஸ்டைலஸ் (இசைத்தட்டு ஊசி), கேபிள் மாதிரிச் சின்னச் சாமானுக்கு வெளிநாட்டுக் கடை சரி.

‘நாங்க விலையை 20 டொலர் எண்டு குறைச்சுப் போட்டு அனுப்புறம்’ எண்டு சொல்ற கடையை அப்படியே விட்டுடுங்க. பார்சல் தொலைஞ்சா நட்டஈடு 20 டொலருக்குத்தான். சுங்கத்தில பிடிபட்டா பொருள் உங்கட பேரில நிக்கும், கடைக்காரன்ட பேரில இல்ல.

திருப்பி அனுப்புறதைப் பற்றிக் கேட்டீங்க. 14 நாள் எங்க இருந்து தொடங்குது? அவங்க அனுப்பின நாளா, உங்கட கைக்கு வந்த நாளா? அனுப்பின நாள் எண்டா, கொழும்பில சுங்கத்தில ஒரு கிழமை நிண்டு, அங்கயிருந்து 260 கிலோமீற்றர் இங்க வரக்குள்ள முக்கால்வாசி முடிஞ்சிடும். அடுத்தது, திருப்பி அனுப்புற கூரியர் காசு ஆர் கட்டுறது, திரும்ப எடுக்கிற கட்டணம் எண்டு எத்தனை வீதம் வெட்டுவாங்க. 15% வெட்டினா 45 டொலர், திருப்பி அனுப்ப இன்னொரு 40, இங்க கட்டின வரி சுலபமா மீளாது. அப்ப 300 டொலர்ச் சாமானுக்கு நீங்க 150-ஐ இழக்கிறீங்க. ‘திருப்பி அனுப்பலாம்’ எண்ட வசனம் எங்களுக்குப் பெரிசாப் பயன்படாது. பழுதான பொருளுக்கு அவங்க செலவிலேயே மாத்தித் தருவாங்களா எண்டதுதான் கேள்வி.

கார்ட்டில கட்டுங்க. வங்கிக் கணக்குக்குப் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில அனுப்புங்க எண்டு சொன்னா, அதிலயும் கணக்கு தனி ஆளின்ட பேரில இருந்தா, வேணாம். கார்ட் எண்டா வங்கியூடாப் பிணக்கு எழுப்ப வழி இருக்கு. பேபால் எண்டா 180 நாள் அவகாசம். ஓடர் போடுற அண்டைக்கே பொருளின்ட பக்கத்தையும், திருப்பி எடுக்கிற விதிகளின்ட பக்கத்தையும் படம் பிடிச்சு வைங்க. பிறகு அந்தப் பக்கம் மாறிட்டா உங்கட கையில சாட்சி வேணும்.

சொல்டர்_கை

நான் பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: அந்தக் கடையில் உதிரிப்பாகங்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறதா?

காதுப் பஞ்சு, தலைப்பட்டைப் பஞ்சு, கேபிள், ஐஇஎம் வடிகட்டி வலை, ஸ்டைலஸ். இவை தனித்தனியாக, எந்த மாதிரிக்கு எந்தப் பாகம் என்று எழுதி, கையிருப்போடு இருந்தால் அந்தக் கடை விற்ற பொருளை மறக்காத கடை. புதுப் பெட்டிகள் மட்டும் 400 இருந்து ஒரு சோடி பஞ்சு இல்லாவிட்டால் அது வேறு வகை வியாபாரம்.

நமது ஊரில் இது இரட்டிப்பு முக்கியம். உப்புவெளியில் இருந்து திருக்கடலூர் வரை கடலில் இருந்து சில நூறு மீற்றருக்குள் இருக்கிற வீடுகள்தான் அதிகம். செயற்கைத் தோல் பஞ்சு ஈரத்தில் உதிரும்: மேல்தோல் கறுப்புச் செதிலாகக் கழன்று காதிலும் கழுத்திலும் ஒட்டும். கேபிள் கழன்று வருகிற எம்எம்சிஎக்ஸ் இணைப்பி உள்ள ஐஇஎம்-இல் செம்பு பச்சை பிடித்து ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வரும். எச்டி 600-இன் துணிப் பஞ்சு உதிராது, ஆனால் வேர்வையை உறிஞ்சித் தட்டையாகும். தட்டையானால் காது டிரைவருக்கு (ஒலி எழுப்பும் பாகம்) கிட்டப் போய் ஒலியின் சமநிலையே மாறும். அந்த ஹெட்ஃபோனில் பஞ்சும் கேபிளும் டிரைவரும் கருவி இல்லாமலே கழன்று வரும், அதனால் பாகம் கிடைத்தால் பல வருடம் ஓட்டலாம். பாகம் கிடைக்காவிட்டால் அந்தச் சிறப்பால் பயன் இல்லை.

அடுத்தது மின்சாரம். இங்கே 230 வோல்ட், 50 ஹேட்ஸ். அடாப்டரில் ‘100–240’ என்று இருந்தால் கவலை இல்லை. ‘120’ என்று மட்டும் இருந்தால் தொடாதீங்க. 120 வோல்ட் பொருளை 230-இல் மாட்டினால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு சக்தி ஏறும், ட்ரான்ஸ்ஃபோமர் தாங்கும் அளவைத் தாண்டிச் சூடாகி ஃபியூஸ் போகும், ஃபியூஸ் போகாவிட்டால் பெரிய கப்பாசிட்டர் போகும். பின்னால் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தால் மாட்ட முதல் அதைப் பார்க்க வேணும். சில அம்புகளுக்கு வரும் அடாப்டர் டிசி அல்ல, ஏசி: உள்ளே 230 வெளியே 15 அல்லது 16 வோல்ட் ஏசி. துளைக்குள் பொருந்துகிறது என்று வேறு டிசி அடாப்டரை மாட்டினால் அம்ப் ஒழுங்காக இயங்காது. ஆகவே ஓடரில் ‘230 வோல்ட் மாதிரி’ என்று எழுத்தில் வாங்குங்க. முள் எந்த வடிவம் என்பது சின்னப் பிரச்சினை. புது வீடுகளில் சதுர முள் 13 அம்பியர், பழைய வீடுகளில் வட்ட முள், மாற்றி எங்கேயும் கிடைக்கும்.

இசைத்தட்டு இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: ஏசி மோட்டார் உள்ள 60 ஹேட்ஸ் மாதிரியை வோல்ட் குறைக்கிற பெட்டி போட்டு இங்கே ஓட்டினாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 27.8 சுற்றும். வோல்ட்டை மாற்றலாம், அந்தப் பெட்டியால் ஹேட்ஸை மாற்ற முடியாது. இதை அனுப்ப முதல் சொல்லித் தடுக்கிற கடைதான் துறை தெரிந்த கடை.

நிலாவெளி_அலை

அண்ணாமார் வாங்குவதற்கு முன் பார்ப்பதைச் சொல்லிட்டீங்க. வந்த பிறகு பார்ப்பதை நான் சொல்கிறேன்.

பார்சலைப் பிரிக்க முதல் கைப்பேசியை ஓரிடத்தில் நிறுத்தி, முகவரிச் சீட்டு தெரிகிற இடத்தில் இருந்து கடைசிப் பை வெளியே வரும் வரை வெட்டாமல் காணொளி எடுங்க. பெட்டியில் உள்ள தொடர் இலக்கமும் பொருளில் உள்ளதும் ஒன்றா என்று அதே காணொளியில் காட்டுங்க. கையில் கொடுத்து காசு வாங்குகிற முறையில் வந்தால், பொருளைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறோம் என்று நம்புவது தவறு: கூரியர் தம்பி காசை எடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார். அது உங்களைக் காப்பாற்றாது. கடை ஏமாற்றினால் காசு திரும்ப வாங்குவது கார்ட்டை விடக் கஷ்டம்.

இனி மல்டிமீற்றர். 2000 ஓம் அளவில் வையுங்க. முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து வயரின் சொந்த மின்தடையைக் குறித்துக்கொள்ளுங்க. பிறகு ஹெட்ஃபோன் பிளக்கைப் பிடித்துப் பாருங்க: கறுப்பு வளையங்கள் இரண்டு இருக்கும், அவை பிளக்கை மூன்று துண்டாகப் பிரிக்கும். நுனியும் அடித்துண்டும் இடது காது. நடுத்துண்டும் அடித்துண்டும் வலது காது. மீற்றர் முனையை நழுவாமல் வைத்தால் 300 ஓம் ஹெட்ஃபோனில் எண் 300-ஐ ஒட்டி நிற்கும், இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். வாசித்துக்கொண்டே பஞ்சை மெல்ல அழுத்தினால் எண் கொஞ்சம் ஆடும். உள்ளே சுருள் அசைகிறது என்று அர்த்தம். வெளியே 300 என்று அச்சடித்து மீற்றரில் 32 காட்டினால் அது வேறு டிரைவர் போட்ட போலி, அதற்கு மேல் காதால் கேட்டுத் தீர்மானிக்கத் தேவை இல்லை. ஒரு பக்கம் மட்டும் வேறாக இருந்தால் அது பழுது அல்லது திருத்திய பழைய பொருள். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று இருப்பது மீற்றரில் 6-ஐ ஒட்டி வருவது வழமை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அதன்பிறகு 20 ஹேட்ஸில் இருந்து 20,000 வரை மெல்ல ஏறுகிற ஒலிக்கோப்பு ஒன்றைச் சின்னச் சத்தத்தில் ஓட்டுங்க. 200-க்குக் கீழே கரகரப்பு வந்தால் டிரைவருக்குள் முடியோ தூசோ இருக்கிறது, அல்லது சுருள் உரசுகிறது. ஒரே குரலை மோனோவில் போட்டால் அது தலைக்கு நடுவில் நிற்க வேணும். பக்கத்துக்குச் சாய்ந்தால் ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. சாய்வு கூடவே திரும்பினால் குறை ஹெட்ஃபோனில் அல்லது அம்பில். திரும்பாவிட்டால் குறை உங்கள் காதில்.

திறந்த பெட்டியைப் புதிது என்று அனுப்புகிறார்களா என்பதைக் கேபிளில் பாருங்க. தொழிற்சாலை சுற்றுக்கு ஒரே அளவு மடிப்பு இருக்கும். கையால் திரும்பச் சுற்றியதில் மடிப்பு இரண்டு இடத்தில் விழும். பஞ்சின் உள்விளிம்பில் கண்ணாடிக் கம்பி அழுத்திய தடம் நிற்கும்.

மைக் வாங்குகிறவர்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் அதிகம் எடுப்பது ஷுவர் எஸ்எம்58. போலி மிக அதிகம் உள்ள பொருள்களில் அதுவும் ஒன்று. அசல் 298 கிராம். நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையல் தராசு போதும். வயர் மாட்டுகிற எக்ஸ்எல்ஆர் துளையில் 1, 2, 3 என்று முள்ளுக்குப் பக்கத்தில் எண் இருக்கும். கைப்பிடியைக் கழற்றினால் அடியில் பசைக்குள் உறைந்த சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் தெரியும். போலியில் அது பெரும்பாலும் இருக்காது, அதனாலேயே நிறை குறையும். இதே ஷுவர் 2018-இல் இசைத்தட்டுக் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. ‘புதுத் தயாரிப்பு’ என்று இப்போதும் அடுக்கி விற்கிற கடை இருந்தால் அந்தக் கடையின் மற்றப் பொருளையும் சந்தேகியுங்க.

பாலையூற்று_நேயர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. சொன்ன கேள்விகளை அனுப்பினேன். ஒரு நாளுக்குள் பதில் வந்தது. சுருக்கமாக:

தயாரிப்பாளரின் பட்டியலில் கடையின் பெயர் இருக்கிறது, பார்த்தேன். வொரண்டி அவர்கள் நாட்டில் இரண்டு வருடம். இலங்கைக்குக் கடையே பொறுப்பு, பழுது என்றால் இரண்டு பக்க அனுப்புச் செலவும் முதல் 90 நாளுக்கு அவர்களுடையது. தொடர் இலக்கத்தோடு படம் அனுப்பினார்கள். 14 நாள் அனுப்பிய நாளில் இருந்து. உண்மை விலையைத்தான் சுங்கச் சீட்டில் போடுவோம் என்கிறார்கள். பஞ்சும் கேபிளும் கையிருப்பில் உண்டு. அம்பின் வெளியீட்டு மின்தடை 10 ஓம். எச்டி 600-க்குப் பரவாயில்லை, ஐஇஎம்-க்கு வேண்டாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அம்ப் 32 ஓமில் 2 வாட். 230 வோல்ட் மாதிரி 15 வோல்ட் ஏசி அடாப்டரோடு வரும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஹெட்ஃபோனை 200 மணித்தியாலம் ஓடவிட்ட பிறகுதான் அதன் உண்மையான ஒலி வரும், அதற்கு முன் தீர்மானிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியா?

உவர்மலை_ஓம்

பதில்களைப் பார்த்தால் இது துறை தெரிந்த கடைதான். 10 ஓமை மறைக்காமல், ஐஇஎம்-க்கு வேண்டாம் என்று தங்கள் விற்பனையைத் தாங்களே குறைத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

200 மணித்தியாலக் கதையை ஏற்காதீங்க. நாளுக்கு மூன்று மணித்தியாலம் கேட்டால் 200-க்கு 67 நாள் ஆகும். திருப்பி அனுப்ப 14 நாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கடை கெட்ட எண்ணத்தோடு எழுதியது என்று சொல்லவில்லை, இந்தத் துறையில் பலர் மனதார நம்புகிற விசயம் அது. ஆனால் உங்கள் அவகாசத்தைத் தின்பது அதுதான். முதல் மூன்று நாளிலேயே நிலாவெளித் தங்கச்சி சொன்ன சோதனைகளை முடியுங்க. மூன்றாம் நாள் பிடிக்காத ஒலி 60ஆம் நாள் பிடித்தால் பெரும்பாலும் மாறியது காதுதான்.

அம்பின் சக்தி போதுமா என்ற கணக்கையும் சொல்கிறேன். 300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் என்று எடுத்தால் அது வோல்ட்டுக்கு 102. தவிலின் உச்சி அடிக்கு 110 வேணும் என்றால் இன்னும் 8 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 2.5 வோல்ட். சக்தியில் 20 மில்லிவாட் மட்டும்தான். 32 ஓமில் 2 வாட் தருகிற அம்ப் 8 வோல்ட் தள்ளுகிறது. அதே 8 வோல்ட் 300 ஓமில் 213 மில்லிவாட். பத்து மடங்கு கையிருப்பு. அதை விடப் பெரிய அம்பை அவர்கள் சேர்த்து விற்கப் பார்த்தால் தேவையில்லை என்று சொல்லுங்க. வெள்ளிக் கேபிள், யூஎஸ்பி வடிகட்டி எதுவும் இந்தப் பட்டியலில் வேண்டாம்.

10 ஓமைப் பற்றி ஒரு குறிப்பு: இந்த ஹெட்ஃபோனின் மின்தடை 100 ஹேட்ஸ் பக்கம் 300-ஐ விட நன்றாக ஏறும். அம்பின் மின்தடை பெரிதாக இருந்தால் அந்த இடத்தில் தவிலின் தொப்பிப் பக்கம் (தடித்த ஒலி தருகிற பக்கம்) கொஞ்சம் வீங்கிக் கேட்கும். 10 ஓமுக்கு அந்த வீக்கம் அரை டெசிபெல்லைக்கூட எட்டாது, திருத்துகிற வேலைக்கு அது குழப்பம் தராது. 100 ஓம் என்றிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

சொல்டர்_கை

ஹெட்ஃபோனை அங்கே வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அம்பை அங்கே வாங்க வேண்டாம். ஹெட்ஃபோனில் பழுதாக அதிகம் இல்லை, பாகம் கழன்று வரும். அம்ப் அப்படி இல்லை. இங்கே மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது ஏறுகிற வோல்ட்டில் முதலில் அடிபடுவது அடாப்டரும் அதற்கு அடுத்த பாகமும். அந்த ஏசி அடாப்டர் போனால் அதே அளவில் இன்னொன்று தேடுவது இலேசு இல்லை. டிசி அல்லது யூஎஸ்பி-சியில் ஓடுகிற ஒன்றைக் கொழும்பில் வொரண்டியோடு எடுங்க. திருத்த அனுப்பினால் பஸ்ஸில் போய் வரலாம். வெளிநாட்டுக்குத் திருத்த அனுப்புகிறவர்கள், போகும்போதே ‘திருத்தத்துக்காக’ என்று ஆவணம் பதியாவிட்டால் திரும்பி வரும்போது புதிய இறக்குமதி என்று மீண்டும் வரி கேட்கக்கூடும்.

கிண்ணியாக்கரை

அம்பை விடுங்க, ஹெட்ஃபோனையே கொழும்பில எடுங்க எண்டுதான் நான் சொல்லுவன். 420-க்கும் எல்லாம் கட்டி முடிச்ச விலைக்கும் வித்தியாசம் இல்லாத அளவுக்குத்தான் வரும். முகவரிட்ட எடுத்தா பழுதுக்கு ஒரு கதவு திறந்திருக்கும், நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977-க்கு அழைச்சு முறையிடவும் ஏலும். வெளிநாட்டுக் கடைக்கு அது இல்ல. ஆனா ஒண்டு, உவர்மலை அண்ணன் சொன்ன அதே கேள்விகளைக் கொழும்பு முகவரிட்டயும் கேளுங்க. உள்ளூர்க் கடை எண்டதால பரீட்சை இல்லாம விடக்கூடாது. பஞ்சு இருக்கா, தொடர் இலக்கம் காட்டுவீங்களா, பழுது எண்டா திருமலைக்குக் கூரியர் ஆர் செலவு.

பாலையூற்று_நேயர்

கேட்டேன், கிண்ணியா நானா. முகவர் தொடர் இலக்கத்தைக் காட்டினார், வொரண்டி இரண்டு வருடம், கூரியர் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர்கள். ஆனால் பஞ்சு கையிருப்பில் இல்லை, ஓடர் போட்டால் இரண்டு மாதம். வெளிநாட்டுக் கடையில் பஞ்சுச் சோடி தனியாக இருக்கிறது. ஆகவே ஹெட்ஃபோனும் யூஎஸ்பி-சி அம்பும் கொழும்பில். பஞ்சு இரண்டு சோடியும் ஒரு கேபிளும் அந்தக் கடையில். எல்லாம் சேர்த்தே அரைக் கிலோவுக்குள் வரும் என்கிறார்கள்.

சொல்டர்_கை

நல்லது. இப்போது ஐப்பசி, வாடை மழை தொடங்குகிற நேரம். இரண்டு பக்கமும் ‘அட்டைப் பெட்டிக்குள் ஒட்டிய பிளாஸ்ரிக் பை, சிலிக்கா ஜெல் போட்டு’ என்று ஓடரில் எழுதச் சொல்லுங்க. மேலதிகப் பஞ்சுச் சோடியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஜெல்லோடு வையுங்க, தட்டையாக அடுக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி. ஹெட்ஃபோன் வந்ததும் ஓம் எண்கள் இரண்டையும் வொரண்டிச் சீட்டின் பின்னால் திகதியோடு எழுதி வையுங்க. ஒரு வருடம் கழித்து ஒரு பக்கம் குறைந்து கேட்டால் முதலில் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.